மூன்று வரி எழுதிவிட்டு அழையுங்கள்

(கொல்லிமலை ஒன்றிய ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில், தேவனூர் நாட்டைச் சேர்ந்த இடைநிலை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மகனின் நலன் கருதி ஆசிரியையின் பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது.)



சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டபோது, நான் முதலில் மறுத்தேன். பயிற்சிக் கட்டகத்தில் இருப்பதை என்னைவிட நன்றாகச் சொல்ல வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். அவர் விடவில்லை. "கட்டகம் வேண்டாம் டீச்சர், உங்கள் வீட்டுக் கதையைச் சொல்லுங்கள்" என்றார். அதனால் இன்று நான் ஆசிரியையாக இங்கே நிற்கவில்லை. நாற்காலியைத் தூக்கி எறிந்த ஒரு பையனின் அம்மாவாக நிற்கிறேன்.

என் மகனுக்கு இப்போது 12 வயது. ஏழாம் வகுப்பு படிக்கிறான். அவனுக்கு ஓர் அக்கா இருக்கிறாள். என் கணவருக்குத் தேவனூர் நாட்டில் கொஞ்சம் நிலம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, நடுவில் காப்பி, மேட்டில் மரவள்ளி. இந்த மலையில் எல்லோர் வீட்டிலும் இருப்பதுதான். வெளியிலிருந்து பார்த்தால் எங்கள் வீட்டில் ஒரு குறையும் தெரியாது.

மகன் மூன்று வயது வரை துறுதுறுவென்று இருந்தான். நாங்கள் மகிழ்ந்தோம். நான்கு வயதில் கோபம் வந்தால் தரையில் தலையை மோதிக்கொள்வான். ஐந்து வயதில் அக்காவைக் கடித்து ரத்தம் வந்தது. ஆறு வயதில், உறவுக்காரர் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையைப் பிடுங்கி எறிந்தான். அன்றைக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எங்களுக்கு அழைப்பு வரவில்லை. ஏழு வயதில், திட்டியதற்காக இரவு எட்டு மணிக்கு மிளகுத் தோட்டத்துக்குள் ஓடிவிட்டான். ஊரே டார்ச் லைட்டுடன் தேடியது. பதினொரு மணிக்குக் கண்டுபிடித்தபோது ஒரு பாறை இடுக்கில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். "ஏன் கண்ணு ஓடின?" என்று கேட்டேன். "தெரியலம்மா" என்றான். அந்தப் பதிலை நான் நம்பவில்லை. வேண்டுமென்றே செய்கிறான், கேட்டால் மழுப்புகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் சொன்னது உண்மை என்று புரிய எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

ஊர் என்ன சொல்லும் என்று உங்களுக்குத் தெரியும். "ஊரான் பிள்ளைக்குப் பாடம் சொல்றா, தன் பிள்ளைய வளக்கத் தெரியல." இது என் காதில் விழும்படியே சொல்லப்பட்டது. என் மாமியார் பாசமானவர். "பையன் மேல காத்து கருப்பு பட்டிருக்கு, மந்திரிச்சுக் கயிறு கட்டணும்" என்றார். கட்டினோம். கயிற்றின் மேல் எனக்குக் கோபம் இல்லை. யாராவது உதவுவார்களா என்று தேடிய ஒரு பாட்டியின் மனசு அது. ஆனால் கயிறு கட்டியதோடு நிறுத்திவிட்டோம், அதுதான் தவறு.

அடித்தோம். அவன் அப்பா பெல்டால் அடித்தார். நான் கரண்டியால் அடித்தேன். "அடியாத மாடு படியாது" என்ற பழமொழியை நம்பாத வீடு நம் பக்கத்தில் எது? அடித்தால் அந்த நேரத்துக்கு அடங்குவான். மறுநாள் அதே அடியை அக்காவுக்குக் கொடுப்பான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் எரிந்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அப்போது நான் ஆசிரியர் பயிற்சி மாணவி. செய்தித்தாளைப் படித்துவிட்டு, "பெத்த பிள்ளையை இப்படிக் கட்டிப்போட விட்டுட்டு வர்றவங்க மனுசங்களா?" என்று விடுதியில் பேசினேன். பதினெட்டு வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அடுப்பில் உலை கொதிக்க, மகள் அழ, மகன் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு நிற்க, நானே என் பழைய சேலையால் அவனைத் திண்ணைத் தூணில் கட்டினேன். இருபது நிமிடம் இருக்கும். அவிழ்க்கும்போது எனக்கு ஏர்வாடி ஞாபகம் வந்தது. பிள்ளையைக் கட்டுகிற கை கொடிய கையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உதவி எதுவும் வந்து சேராத கையாகவும் இருக்கலாம். மனநலம் பாதிக்கப்பட்டவரைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் எந்த வடிவிலும் தடை செய்கிறது. அந்தச் சட்டம் நடைமுறையாக வேண்டுமானால், கட்டுவதற்கு முன்பே அந்த வீட்டுக்கு யாராவது வழி சொல்ல வேண்டும். மலையில் அந்த யாராவது என்பது பெரும்பாலும் நாம்தான்.

கொரோனாவுக்காக மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1-ல் திறந்தன. மகன் அப்போது நான்காம் வகுப்பு. நான் வேலை பார்க்கும் பள்ளி வேறு, அவன் படித்த பள்ளி வேறு. திறந்து மூன்று வாரத்தில் எனக்கு ஒன்பது போன். வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போதே போன் அதிரும். "உடனே வாங்க", "உங்க பையன் கல்லெடுத்து எறிஞ்சிட்டான்", "மத்த பெற்றோர் எல்லாம் கேக்கறாங்க." ஒவ்வொரு தடவையும் தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, யாருடைய வண்டியிலாவது தொற்றிக்கொண்டு போய், கைகட்டி நிற்பேன். நானும் ஆசிரியைதான் என்பது அந்த அறையில் எனக்கு உதவவில்லை. இன்னும் கூசியது.

அந்த டிசம்பரில் ஓர் இரவு, படுக்கும்போது மகன் சொன்னான்: "நான் செத்துட்டா நீங்க மூணு பேரும் நல்லா இருப்பீங்கல்லம்மா?" ஒன்பது வயது. வாயை மூடு என்று அதட்டத்தான் முதலில் வந்தது. அதட்டவில்லை. பக்கத்தில் படுத்துக்கொண்டு, "அப்படி எப்பல்லாம் தோணுது சாமி?" என்று கேட்டேன். சொன்னான். மறுநாள் காலை என் கணவர் முதல் வேலையாகப் பூச்சிமருந்து டப்பாக்களை எடுத்துத் தம்பி வீட்டில் வைத்துப் பூட்டினார். ஆசிரியர்களே, ஒரு குழந்தை சாவைப் பற்றிப் பேசினால் அது மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் வளராது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதுதான் அந்தப் பிள்ளைக்குத் தெரியவரும். தனியே விடாமல், அன்றே பெற்றோரிடமும் மருத்துவரிடமும் கொண்டு சேருங்கள்.

வழி காட்டியவர் ஒரு செவிலியர். பள்ளிச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வருவது உங்களுக்குத் தெரியும். 2013-ல் தொடங்கிய திட்டம் அது. பல், கண், ரத்தசோகை பார்க்கத்தான் வருகிறார்கள் என்று நாம் நினைத்திருக்கிறோம். அவர்கள் பட்டியலில் கற்றல் குறைபாடும் ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த குறைபாடும் இருக்கின்றன. என் பள்ளிக்கு வந்த அந்தச் செவிலியரிடம் மற்ற பிள்ளைகளின் அட்டையை நிரப்பிக்கொண்டே என் மகனைப் பற்றிச் சொல்லி அழுதுவிட்டேன். "டீச்சர், இது வளர்ப்புக் கோளாறுன்னு நீங்களே முடிவு பண்ணிக்காதீங்க. மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

2022 பிப்ரவரியில் சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். பத்தாவது வளைவிலேயே மகன் கத்த ஆரம்பித்தான். முன் சீட்டை உதைத்தான். பஸ் முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. "புள்ளைய அடக்கத் தெரியாதா?" என்று ஒருவர் சத்தம் போட்டார். அப்போது பின்னாலிருந்து ஓர் இளைஞன் எழுந்து வந்தான். தன் ஜன்னல் சீட்டை மகனுக்குக் கொடுத்தான். "வெளிய பாரு தம்பி, எத்தனாவது வளைவுன்னு எண்ணு, நான் தப்பா எண்றேனான்னு பாப்போம்" என்றான். மகன் எண்ண ஆரம்பித்தான். காரவள்ளி வரும்வரை எண்ணினான்.

அந்த இளைஞன் என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவன். 2009-10-ல். அந்த வருடத்தில் மட்டும் அவன் அம்மாவை எத்தனை தடவை வரச்சொன்னேன் என்று எனக்குக் கணக்கே இல்லை. சண்டை போட்டான், வாங்க. பெஞ்சை உடைத்தான், வாங்க. அந்த அம்மா அன்றாடக் கூலி. ஒவ்வொரு தடவை வந்தபோதும் ஒருநாள் கூலி போயிருக்கும். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தையைச் சொல்வார்: "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க டீச்சர்." நானும் அடித்தேன். எட்டாம் வகுப்புக்கு அவன் வரவில்லை. 'இடைநின்றவர்' பட்டியலில் பெயர் எழுதினேன். உண்மையைச் சொன்னால், அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் வண்டியில் வேலை, வருடத்தில் பாதி நாள் வெளி மாநிலத்தில் என்றான். இறங்கும்போது மகன் தலையைத் தடவி, "இவன் என்ன மாதிரிதான் டீச்சர்" என்றான். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. அடையாளம் கண்டுகொண்ட குரலில் சொன்னான். அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு அன்று வாய் வரவில்லை. அதற்காகத்தான் இன்று உங்கள் முன் பேசுகிறேன்.

மருத்துவமனையில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஒரே நாளில் முடியவில்லை. மூன்று தடவை போனோம். எங்களிடம் தனியாக, மகனிடம் தனியாகப் பேசினார்கள். பள்ளியிலிருந்து குறிப்பு கேட்டார்கள். காதும் கண்ணும் பார்க்கச் சொன்னார்கள். கடைசியில் மூன்று விஷயம் சொன்னார்கள்: ஏ.டி.எச்.டி. இருக்கிறது, அதோடு எதிர்ப்பு நடத்தைக் கோளாறு இருக்கிறது, வாசிப்பில் கற்றல் குறைபாடு இருக்கலாம், அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

"சேட்டைக்கும் கோளாறுக்கும் என்ன சார் வித்தியாசம்?" என்று என் கணவர் கேட்டார். மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். எல்லாக் குழந்தையும் கோபப்படும். ஆனால் அது ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கிறதா? அந்த வயதுப் பிள்ளைகளைவிட மிக அதிகமாக இருக்கிறதா? அதனால் படிப்போ நட்போ வீடோ பாதிக்கிறதா? ஓரிடத்தில் மட்டும் வருகிறதா, வீடு, பள்ளி, கடை என்று எங்கும் வருகிறதா? இதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். முடிவு செய்வது மருத்துவர் வேலை. நாம் வகுப்பில் உட்கார்ந்து பெயர் சூட்டக் கூடாது. ஆனால் இந்தக் கேள்விகளுக்கு விடை தரக்கூடியவர் ஆசிரியர்தான்.

இது புதிய காலத்து நோய், செல்போனால் வந்தது என்று சிலர் சொல்வார்கள். 1902-லேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவில் குறையில்லாமல், தன்னை அடக்கிக்கொள்ள மட்டும் முடியாமல் தவிக்கும் குழந்தைகளைப் பற்றி விரிவுரை ஆற்றியிருக்கிறார். நம் நாட்டில் 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. முப்பது பேர் உள்ள வகுப்பில் அது இரண்டு பேர். அந்த இருவரில் ஒருவர் கல்லெறிவார், நமக்குத் தெரியும். இன்னொருவர் ஜன்னலோரம் பேசாமல் இருப்பார், நமக்குத் தெரியாது.

மகனுக்கு மாத்திரை கொடுத்தார்கள். கவனத்துக்கு மட்டும்தான் அது. பசி குறைந்தது, எடை பார்த்து அளவை மாற்றினார்கள். மாத்திரை கோபத்தைத் தீர்க்காது, அதற்குப் பெற்றோர் பயிற்சி எடுக்க வேண்டும் என்று சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. கடைசியில் எங்கள் மேல்தான் பழி போடுகிறார்களா என்று தோன்றியது. அந்த ஆலோசகர் சொன்னார்: "அம்மா, நீங்க வளர்த்ததால இது வரல. ஆனா சாதாரணப் பிள்ளைக்குப் போதுமான வளர்ப்பு இவனுக்குப் போதாது. அதைத்தான் கத்துக்கப் போறீங்க."

அமெரிக்காவில் ஜெரால்டு பேட்டர்சன் என்ற உளவியலாளர், இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் நிமிடத்துக்கு நிமிடம் என்ன நடக்கிறது என்று பல ஆண்டுகள் கவனித்தார். அவர் கண்டதை நம் சோளக்காடு சந்தையில் வைத்துச் சொல்கிறேன். மகன் பிளாஸ்டிக் துப்பாக்கி கேட்கிறான். வேண்டாம் என்கிறேன். கத்துகிறான். மறுபடி வேண்டாம் என்கிறேன். தரையில் புரள்கிறான். அன்னாசிப்பழம் விற்கிறவர், வாங்குகிறவர் எல்லோரும் பார்க்கிறார்கள். வாங்கிக் கொடுக்கிறேன். அவனுக்குத் துப்பாக்கி கிடைத்தது. எனக்கு அமைதி கிடைத்தது. கத்தினால் கிடைக்கும் என்று அவன் கற்றான். கொடுத்தால் ஓயும் என்று நான் கற்றேன். இன்னொரு நாள் வாங்கித் தராமல் ஓர் அறை விடுகிறேன். அவன் சத்தம் நிற்கிறது. அடித்தால் நிற்கும் என்று அன்று நான் கற்றேன். இப்படி இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பாடம் நடத்தி, ஒவ்வொரு நாளும் ஒரு படி மேலே ஏறுகிறோம். கடைசிப் படியில் அரிவாள்மணை இருந்தது.

இறங்குவதற்கு அவர்கள் சொல்லித் தந்தவை மிகச் சாதாரணமானவை. தூரத்திலிருந்து கத்தாமல், பக்கத்தில் போய், ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். செய்தால் அந்த நொடியே அதைச் சொல்லிப் பாராட்ட வேண்டும். தினமும் பதினைந்து நிமிடம் அவன் சொல்லும் விளையாட்டை அவன் சொல்லும்படி விளையாட வேண்டும்; அன்று என்ன தப்பு செய்திருந்தாலும் அதை நிறுத்தக் கூடாது. தப்புக்குச் சின்ன விளைவு, ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே விளைவு. வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி மூவரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் அவன் முன்னைவிட மோசமானான். வழக்கமாகக் கிடைத்தது கிடைக்காதபோது இன்னும் உரக்கக் கேட்பான், அப்போது விட்டுக்கொடுத்தால் எல்லாம் வீண் என்று அவர்கள் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். அந்த எச்சரிக்கை இல்லாமல் இருந்தால் நாங்கள் கைவிட்டிருப்போம்.

அவர்கள் கொடுத்த இன்னொரு வேலைதான் இன்றைய பேச்சின் மையம். ஒரு நோட்டுப் போடச் சொன்னார்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் மூன்றே வரி. அதற்குச் சற்று முன் என்ன நடந்தது? அவன் என்ன செய்தான்? அதற்குப் பிறகு மற்றவர்கள் என்ன செய்தார்கள்? வீட்டில் நான் எழுதினேன். பள்ளியில் எழுத அவன் வகுப்பாசிரியரைக் கேட்டேன். அவருக்கு முதலில் விருப்பமில்லை. "இருக்கற பதிவேடு போதாதா டீச்சர்?" என்றார். நியாயம்தான். மூன்று வாரம் மட்டும் என்று கெஞ்சினேன். அவர் எழுதியதில் சில:

திங்கள். முன்பு: கரும்பலகையில் இருந்து எட்டு வரி பார்த்து எழுதச் சொன்னேன். செய்தது: பேனாவை உடைத்தான், பக்கத்துப் பையனைக் குத்தினான். பிறகு: வெளியே நிற்க வைத்தேன்.

புதன். முன்பு: எழுந்து பாடத்தை வாசிக்கச் சொன்னேன். செய்தது: புத்தகத்தை வீசினான். பிறகு: தலைமை ஆசிரியர் அறைக்கு அனுப்பினேன்.

வெள்ளி. முன்பு: விளையாட்டு வேளையில் தமிழ் எடுத்தேன், வரிசையாக வாசிக்கச் சொன்னேன். செய்தது: அவன் முறை வரும்முன் கல்லை எடுத்தான். பிறகு: பெற்றோருக்குப் போன்.

மூன்று வாரத்தில் பதினேழு சம்பவம். பதினொன்றில் 'முன்பு' என்ற வரியில் வாசிப்பதோ பார்த்து எழுதுவதோ இருந்தது. அவனுக்கு வாசிக்கத் தெரியாது. வீட்டில் அக்கா படிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்து சமாளித்திருக்கிறான். பத்தொன்பது மாதம் பள்ளி மூடியிருந்ததில் அது யாருக்கும் தெரியவில்லை. ஆசிரியையான அம்மாவுக்கும் தெரியவில்லை. எல்லார் முன்னாலும் தடுமாறி நிற்பதைவிடக் கல்லெறிந்து வெளியே போவது அவனுக்குச் சுலபமாக இருந்தது. 'பிறகு' என்ற வரியைப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் நாம் தண்டனை என்று கொடுத்தது அவனுக்கு வாசிப்பிலிருந்து விடுதலை. அவன் கேட்டதை நாமே கொடுத்துக்கொண்டிருந்தோம்.

வகுப்பாசிரியர் இரண்டு மாற்றம் செய்தார். எழுந்து நின்று வாசிக்கச் சொல்வதை நிறுத்தினார். வகுப்பு முடிந்ததும் பத்து நிமிடம் தனியாக, அடுத்த ஆண்டு எண்ணும் எழுத்தும் வந்த பிறகு அதன் அரும்பு நிலை அட்டைகளை வைத்து, எழுத்திலிருந்து தொடங்கினார். ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு அரும்பு அட்டை என்பது மற்ற பிள்ளைகளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார். கோபம் ஏறுவது தெரிந்தால் சிவப்பு மூடியைப் பெஞ்சில் வைக்கலாம். வைத்தால் கேள்வி கேட்காமல் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பி வரலாம் என்று ஓர் ஏற்பாடு. முதல் மாதம் மூடியை ஏமாற்றவும் பயன்படுத்தினான். அவர் அதற்காக அந்த ஏற்பாட்டை ரத்து செய்யவில்லை.

இன்னொன்றும் செய்தார். தினமும் ஒரு துண்டுத் தாளில் அன்று அவன் செய்த ஒரு நல்ல காரியத்தை எழுதி அனுப்பினார். முதல் தாளில் இருந்தது: "இன்று சத்துணவு வரிசையில் சிறுவனை முன்னால் விட்டான்." பள்ளியிலிருந்து என் மகனைப் பற்றி வந்த முதல் நல்ல செய்தி அது. அதை என் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். பெல்டால் அடித்த அதே மனிதர், அந்தத் தாளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். போன மாதம் ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்தது. மிளகுப் பறிப்புக் காலத்தில் அவன் அப்பா இரவு வரை தோட்டத்தில் இருந்தால் இன்னமும் கலங்குகிறான். மெதுவாக வாசிக்கிறான். மாத்திரை தொடர்கிறது. இதில் நான் அதிகம் தவறவிட்டது என் மகளை. "தம்பி கத்தினா எல்லாரும் ஓடி வர்றீங்க, நான் கத்தறதே இல்ல, அதனாலதான் யாரும் வர்றதில்லையா?" என்று ஒருநாள் கேட்டாள். உங்கள் வகுப்பில் அந்தப் பிள்ளையின் அண்ணன், அக்கா யாராவது படித்தால் அவர்களையும் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

நிறைவாக, நம்மால் முடிந்த சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பெற்றோரே "தோலை உரியுங்கள்" என்று சொன்னாலும் அந்த அனுமதி நமக்குக் கிடையாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் மனநோயும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அடங்கும். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைக் கேட்பது சலுகை அல்ல, அந்தப் பிள்ளையின் உரிமை. மலையிறங்க முடியாத வீட்டுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கொடுங்கள். 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. குழந்தைக்கு வீட்டில் ஆபத்து என்றால் 1098. உண்டு உறைவிடப் பள்ளியில் இருக்கும் பிள்ளைக்கு விடுதிக் காப்பாளரும் வகுப்பாசிரியரும் ஒரே நோட்டில் எழுதினால் நல்லது. அங்கே இரவும் ஒரு வகுப்புதான்.

மற்ற பிள்ளைகளின் பாதுகாப்பு முக்கியம். முப்பது பேரை வைத்துக்கொண்டு ஒருவனை மட்டும் எப்படிப் பார்ப்பது என்று நீங்கள் கேட்பீர்கள். அடிபட்ட பிள்ளையின் அம்மாவுக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்வியின் கனம் எனக்குத் தெரியும். அந்த ஒருவனுக்கு எப்போது வெடிக்கிறது என்று தெரிந்தால்தான் மீதி இருபத்தொன்பது பேரும் பாதுகாப்பாக இருப்பார்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. "நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று சொல்வதற்கு முன்னால் மூன்று வரி எழுதுங்கள். முன்பு என்ன, அவன் செய்தது என்ன, பிறகு நாம் செய்தது என்ன. அம்மா வரும்போது அந்தத் தாளை நடுவில் வைத்து இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். நல்லதாக ஒரு வரியும் அதில் இருக்கட்டும். அவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். வெறும் திட்டை வாங்கிக்கொண்டு திரும்பக் கூடாது. 2009-ல் அந்த மூன்று வரியை நான் எழுதியிருந்தால் அந்தப் பையன் எட்டாம் வகுப்புக்கு வந்திருப்பானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. எழுதவில்லை என்பது மட்டும் உறுதி.